பிரிகேட்டு மாலுமியின் வெள்ளிப் பதக்கம்

பாய்மரக் காலத்துக் கடற்போர் என்றவுடன், பெருங்கப்பல்கள் அணிவகுத்துப் பொருத டிரபால்கரே (1805) நம் நினைவிற்கு முந்துகின்றது. பிரிகேட்டு என்னும் விரைகலங்களை நினைப்பார் சிலரே. பீரங்கித் தட்டு ஒன்றும் பாய்மரங்கள் மூன்றும் உடைய இக்கலங்கள் வேவு பார்த்தன. வணிகக் கப்பல்களைக் காத்தன. பகைக்கலத்தைத் தனித்தே துரத்திச் சென்று தனித்தே பொருதன.

அத்தகைய போரொன்று நம் குமரிமுனையை அடுத்த கடலில் நிகழ்ந்தது. 1808-ஆம் ஆண்டு மார்ச்சு 6-ஆம் நாள், கும்பினியாரின் கப்பல்கள் மூன்றைப் பற்றக் கருதி வந்த பியமொந்தேஸ் என்னும் பிரெஞ்சுப் பிரிகேட்டை, சான் பியோரென்சோ என்னும் ஆங்கிலப் பிரிகேட்டு எதிர்ப்பட்டது. அன்றிரவும் மறுநாட் காலையும் போர் மூண்டது. பிரெஞ்சுக்கலம் விலகியோட, ஆங்கிலேயர் அறுந்த கயிறுகளையும் கிழிந்த பாய்களையும் செப்பஞ்செய்துகொண்டு பின்தொடர்ந்தனர். 8-ஆம் நாள் மாலை அது பணிந்தது. அவ்வெற்றியைக் காணாமலே கப்பல் தலைவர் ஜார்ஜ் ஹார்டிஞ்ச் தம் 26-ஆம் வயதிற் குண்டுபட்டு மாண்டார். ஆங்கிலேயருள் இறந்தார் 13 பேர்; பிரெஞ்சுக்காரருள் 48 பேர். பியமொந்தேஸின் பாய்களை இயக்க ஏறத்தாழ 200 லஸ்கர்கள் அதில் இருந்தனர். சிறைப்பட்ட கீழ்நாட்டு மாலுமிகளாகிய இவர்கள், தமக்குரியதல்லாத போரிற் பாய்க்கயிறு பற்றி நின்றார்கள் என்பதை யாம் மறத்தற்கியலவில்லை.

இப்போர்களிற் கைவருந்தியவர்க்குக் கிடைத்த பரிசு யாது? 1794 முதற் பெருவெற்றிகட்குப் பொற்பதக்கம் வழங்கப்பட்டது. ஆனால் அது படைத்தலைவர்க்கும் கப்பல் தலைவர்க்குமே உரியதாயிற்று. வாட்டர்லூவிற் (1815) பொருத தரைப்படையினருள் கடைநிலைச் சிப்பாயும் வெள்ளிப் பதக்கம் பெற்றான். கடற்படை மாலுமியோ 1847 வரை காத்திருந்தான்! அவ்வாண்டிலேதான் 1793 முதல் 1840 வரை நிகழ்ந்த கடற்போர்கட்கெல்லாம் ஒரே வெள்ளிப் பதக்கம் அளிக்க ஆணை பிறந்தது. ஒரு புறம் விக்டோரியா அரசியின் இளமைத் திருமுகம். மறுபுறம் முத்தலை வேலேந்திக் கடற்குதிரைமீது வீற்றிருக்கும் பிரிட்டானியா. வெண்ணிற நாடாவின் இரு விளிம்பும் நீலம். விளிம்பிலே மாலுமியின் பெயர். நாடாவின்மேல் அவன் கண்ட ஒவ்வொரு போருக்கும் ஒரு வெள்ளிப் பட்டை. சான் பியோரென்சோவின் பெயரும் 8 மார்ச்சு 1808 என்னும் நாளும் பொறித்த பட்டையும் அவற்றுள் ஒன்று. பட்டைகள் 231 வகுக்கப்பட்டன. அவற்றுட் சிலவற்றைக் கேட்டுப் பெறுதற்கு ஒருவரும் எஞ்சவில்லை.

காரணம் எளிது. உயிரோடிருப்பவன் தானே விண்ணப்பித்தல் வேண்டும் என்பது விதி. 1808-இல் இருபது வயதினன் 1848-இல் அறுபதை எட்டியிருப்பான். எழுத்தறியாது ஏதோவொரு கடற்கரைச் சிற்றூரில் முதுமை எய்தியவனுக்கு அவ்வறிவிப்பு எட்டியிருக்குமோ என்று யாம் ஐயுறுகின்றோம். விண்ணப்பித்துப் பெற்றவர் ஏறத்தாழ 21,000 பேர். ஹார்டிஞ்சுக்கு இலண்டன் தூய பவுல் பேராலயத்திற் கல்லில் நினைவுச்சின்னம் உண்டு, பதக்கமில்லை. அவ்வாணை பிறந்தபோது அவர் உடன்பிறந்தார் ஹென்றி ஹார்டிஞ்ச் இந்தியாவின் தலைமை ஆளுநராயிருந்தார் என்பதும் ஈண்டுக் குறிக்கத்தக்கது.

பெண்டிரும் விண்ணப்பித்தனர். டிரபால்கரில் டிபையன்ஸ் கப்பலில் இருந்த ஜேன் டவுன்செண்டு என்பாளின் விண்ணப்பம் முதலில் ஏற்கப்பட்டுப் பின்னர் மறுக்கப்பட்டது. நைல் போரிற் (1798) காயமுற்றாரைப் பேணிய ஆன் ஹாப்பிங், மேரி ஆன் ரைலி என்போருக்கும் அவ்வாறே. ஒருத்திக்கு அளித்தால் அவளைப்போல உழைத்த எண்ணற்ற பெண்டிரும் கேட்பர் என்பதே கூறப்பட்ட காரணம். அரசியின் திருமுகம் பொறித்த பதக்கத்திற்கு இக்காரணம் பொருந்துமாறு எமக்கு விளங்கவில்லை.

1794 சூன் 1-ஆம் நாட் போரின்போது டிரெமெண்டஸ் என்னுங் கப்பலிற் பிறந்த டானியல் டிரெமெண்டஸ் மெக்கன்சிக்கோ பதக்கம் கிடைத்தது. பதக்க ஏட்டில் அவன் பதவி ‘குழந்தை’ என்றே குறிக்கப்பட்டுள்ளது. பீரங்கி முழக்கத்தினிடையே அவனைப் பெற்ற தாய்க்கு அவ்வேட்டில் இடமில்லை.