செவ்வாய்க்காரர்களைக் கண்டு ஓடியது யார்?

நம்பிக்கை: ஒரு வானொலி நாடகத்தை நிஜமென்று நம்பி அமெரிக்காவே தெருவுக்கு ஓடியது.

விஸ்காம் படித்த யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். 1938 அக்டோபர் 30, ஞாயிறு இரவு எட்டு மணி. சிபிஎஸ் வானொலியில் 23 வயது ஆர்சன் வெல்ஸின் குழு 'வார் ஆஃப் தி வேர்ல்ட்ஸ்' நாடகத்தை ஒலிபரப்புகிறது. நியூஜெர்சியின் குரோவர்ஸ் மில் கிராமத்தில் செவ்வாய்க் கிரகவாசிகள் இறங்கிவிட்டதாகச் செய்தி வாசிக்கும் தோரணையில் நடிகர்கள் சொல்ல, மக்கள் மூட்டை முடிச்சோடு கிளம்பிவிட்டார்களாம். பரீட்சைத் தாளில் இதை எழுதி, ஊடகம் சொல்வது தோட்டா போல எல்லோர் மூளையிலும் நேரே பாயும் என்கிற 'மந்திரத் தோட்டாக் கோட்பாட்டுக்குச் சான்று' என்று முடித்தால் முழு மதிப்பெண்.

எத்தனை பேர் கேட்டார்கள் என்று முதலில் பார்ப்போம். அதே நேரத்தில் என்பிசியில் எட்கர் பெர்கன் தன் பேசும் பொம்மையோடு வந்துகொண்டிருந்தார். உதடு அசைவது தெரியாத வானொலியில் பொம்மையைப் பேசவைப்பவருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அன்று பெருங்கூட்டம் அவர் பக்கம்தான். நேயர் கணக்கெடுக்கும் ஹூப்பர் நிறுவனம் அன்றிரவு 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் பேசியது. வெல்ஸின் நிகழ்ச்சியைக் கேட்பதாகச் சொன்னவர்கள் 2 சதவீதம். அவர்களிலும் 'செய்தி கேட்கிறேன்' என்று சொன்னவர் ஒருவர்கூட இல்லை.

பயந்தவர்களே இல்லை என்று சொல்ல வரவில்லை. பாதியில் வானொலியைத் திருப்பியவர்கள் இது நாடகம் என்ற தொடக்க அறிவிப்பைக் கேட்டிருக்க முடியாது. முந்தைய மாதம்தான் ஜெர்மனியால் ஐரோப்பா போரின் விளிம்புக்குப் போன மியூனிக் நெருக்கடி. நிகழ்ச்சிகளை இடைமறித்து ஐரோப்பாவின் போர்ச் செய்திகள் வந்து வந்து மக்களின் காதைப் பழக்கியிருந்தன. வந்திருப்பது ஜெர்மன்காரன் என்று நினைத்தவர்களும் உண்டு. காவல் நிலையங்களுக்கும் பத்திரிகை அலுவலகங்களுக்கும் அழைப்புகள் குவிந்தன. ஆனால் தொலைபேசியை எடுத்து 'நிஜமா சார்?' என்று விசாரிப்பவரை ஏமாளி என்று சொல்லலாமா? சந்தேகம் வந்தவர் செய்ய வேண்டியதைத்தானே அவர் செய்தார்?

மறுநாள் நாளிதழ்கள் இந்தத் துண்டுச் சம்பவங்களைக் கோத்து நாடு தழுவிய பீதியாக்கின. நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்திலேயே போட்டது. பொருளாதார மந்தக் காலத்தில் விளம்பர வருமானத்தை வானொலி பிடுங்கிக்கொண்டிருந்த கடுப்பு பத்திரிகைகளுக்கு இருந்தது. வானொலி பொறுப்பற்றது என்று காட்டக் கிடைத்த வாய்ப்பை விடுவார்களா? வெல்ஸுக்கும் நஷ்டமில்லை. அதுவரை விளம்பரதாரரே இல்லாதிருந்த அவருடைய நிகழ்ச்சியை அந்த டிசம்பரிலேயே கேம்ப்பெல் சூப் நிறுவனம் எடுத்துக்கொண்டது.

கதைக்கு ஆராய்ச்சி முத்திரை குத்தியது பிரின்ஸ்டன் உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரிலின் 1940ஆம் ஆண்டுப் புத்தகம். விரிவாகப் பேட்டி காணப்பட்டவர்கள் 135 பேர். பெரும்பாலோர் பயந்தவர்கள் என்று தெரிந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சுமார் 60 லட்சம் பேர் கேட்டார்கள், அவர்களில் குறைந்தது 10 லட்சம் பேர் கலங்கினார்கள் என்பது அவர் மதிப்பீடு. அந்தத் தாராளக் கணக்கையே ஏற்றாலும் கேட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கலங்கவில்லை. படிப்பு, விசாரித்துப் பார்க்கும் பழக்கம், கேட்ட சூழ்நிலை ஆகியவற்றைப் பொறுத்து ஆளுக்கு ஆள் எதிர்வினை மாறியது என்று அதே புத்தகம் சொல்கிறது. தோட்டாக் கோட்பாட்டுக்கு நேர் எதிரான முடிவு இது! அட்டையை மட்டும் பார்த்துவிட்டு மேற்கோள் காட்டினால் இப்படித்தான் ஆகும்.

உண்மையிலேயே விபரீதம் நடந்தது ஈக்வடாரில். 1949 பிப்ரவரியில் கீட்டோ நகர வானொலி இதே கதையை உள்ளூர்ப் பெயர்களோடு ஒலிபரப்பியது. எல்லாம் நாடகம் என்று தெரிந்ததும் ஆத்திரமடைந்த கூட்டம், வானொலி நிலையம் இருந்த எல் கொமர்சியோ நாளிதழ்க் கட்டடத்துக்குத் தீ வைத்தது. உயிர்களும் போயின. அங்கே கட்டடத்தைக் கொளுத்தியது ஏமாற்றப்பட்டோம் என்ற கோபம்.

நம்பிக்கை: ஊடகம் சொல்வது தோட்டா போல நேரே மூளையில் பாயும் என்று அந்தக் கால அறிஞர்கள் கருதினார்கள்.

அப்படி ஒரு கோட்பாட்டை வகுத்து நிறுவியவர் என்று யாரையும் காட்ட முடியாது. தங்கள் கண்டுபிடிப்பு புதுமையாகத் தெரிய, பின்னால் வந்தவர்கள் முன்னோர் தலையில் கட்டிய பெயர் அது என்பது தொடர்பியல் வரலாற்றாசிரியர்கள் பலரின் வாதம்; எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. 1940 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது ஓஹையோவின் ஈரி மாவட்டத்தில் ஒரே 600 பேரைத் திரும்பத் திரும்பச் சந்தித்த பால் லாசர்ஸ்ஃபெல்ட் குழு, பிரச்சாரத்தால் கட்சி மாறியவர்கள் சொற்பமே என்று கண்டது. பத்திரிகையும் வானொலியும் சொன்னது, ஊரில் விவரமானவர் என்று பெயரெடுத்த சிலர் வழியாகவே மற்றவர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. டீக்கடை பெஞ்சில் ஒருவர் பேப்பரை உரக்கப் படித்து, நடுநடுவே தன் விமர்சனத்தையும் சேர்க்க, பத்துப் பேர் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதல்ல.

நம்பிக்கை: திரைப்பட முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களின் படத்தில் வந்த ரயிலைப் பார்த்து ரசிகர்கள் அரங்கை விட்டு ஓடினார்கள்.

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் கிராண்ட் கஃபேயில் காட்டிய பத்துப் படங்களில் அந்த ரயிலே கிடையாது. அது மறு ஆண்டுதான் திரைக்கு வந்தது. கூட்டம் அலறி ஓடியதற்கு அக்காலச் சான்று எதுவும் கிடைக்கவில்லை என்கிறார் ஜெர்மன் திரைப்பட வரலாற்றாசிரியர் மார்ட்டின் லோய்பர்டிங்கர். வியந்திருப்பார்கள், அசையும் படத்தை முதன்முதலாகப் பார்த்து வியக்காமல் என்ன செய்வது? 1901இலேயே லண்டனில் ராபர்ட் பால், திரையில் ரயிலைக் கண்டு மிரளும் பட்டிக்காட்டானைக் கேலி செய்து ஒரு படம் எடுத்துவிட்டார். நகரவாசிகள் பார்த்துச் சிரிக்கத்தான்.

நம்பிக்கை: கண்ணுக்குத் தெரியாத விளம்பரம் பாப்கார்ன் விற்பனையை ஏற்றியது.

இதற்கு அதிக இடம் தேவையில்லை. திரையரங்கில் நொடியின் 3,000இல் ஒரு பங்கு நேரம் வாசகங்களைக் காட்டி விற்பனையைக் கூட்டியதாக 1957இல் அறிவித்தவர் ஜேம்ஸ் விக்கரி. முடிவுக்கு வரப் போதுமான தரவு தன்னிடம் இருக்கவில்லை என்று 1962இல் அவரே ஒப்புக்கொண்டார்.

பிறகு ஏன் இந்த நம்பிக்கைகள் சாகவில்லை? சமூகவியலாளர் பிலிப்ஸ் டேவிசன் 1983இல் சொன்னது பொருந்துகிறது: ஊடகம் தன்னைவிட மற்றவர்களையே அதிகம் ஆட்டிவைக்கும் என்று ஒவ்வொருவரும் நினைக்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் வதந்தியைப் பகிர்ந்த பெரியப்பாவைப் பற்றி நாம் பேசும் தொனியைக் கவனித்தாலே போதும்.

தொடர்பியல் பாடம் எடுக்கும் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். செவ்வாய்க்காரர் கதையைத் தாராளமாகச் சொல்லுங்கள், சுவையான கதைதான். கூடவே ஹூப்பரின் 2 சதவீதத்தையும் கான்ட்ரிலின் 135 பேரையும் கரும்பலகையில் எழுதிப்போடுங்கள்.