புறத்திரையைக் கண்டுகொள்ளாத மடிக்கணினி

மாதேஸ்வரன் மலையில் வனப் பணியாளருக்கென நடைபெற்ற ஒரு பயிற்சி வகுப்பில், மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நானும் இருந்தேன். 1997ஆம் ஆண்டு வரை மைசூரு மாவட்டத்தைச் சார்ந்திருந்து, பின்னர் சாமராஜநகர் மாவட்டத்தில் அடங்கிய அம்மலைக்காடு, 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. புலிகளின் விலாப்புறத்து வரிகள் ஒன்றைப்போல் மற்றொன்றுக்கு அமைவதில்லை. தானியங்கிக் காமிராக்கள் எடுத்த படங்களைப் பெரிய திரையில் அருகருகே வைத்து, அவ்வரிகளைக் கொண்டு புலிகளை இனம் பிரித்தறிவதே அன்றைய பாடம்.

மடிக்கணினியையும் திரையையும் வடத்தால் இணைத்தனர். திரையில் ‘நோ சிக்னல்’ என்னும் சொற்கள் தோன்றின; பின்னர் இருண்டது. திரை பழுதென்று முடிவு செய்து, அதனைக் கொள்ளேகாலுக்கு இறக்கி அனுப்பவும் ஏற்பாடாயிற்று. அம்முடிவு தவறானது. தவறு எங்கே நேர்ந்தது என்பதை உணர, கணினி ஒரு திரையை எவ்வாறு கண்டுகொள்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

கண்டுகொள்ளுதல் என்பது யாது?

கணினிக்குக் கண் இல்லை. அது வினவுகிறது, திரை விடையளிக்கிறது. ஹெச்.டி.எம்.ஐ. இணைப்பில் 19 முனைகள் உள்ளன. 18ஆம் முனை வழியாகக் கணினி 5 வோல்ட் மின்னழுத்தத்தை அனுப்புகிறது. திரை 19ஆம் முனையில் மின்னழுத்தத்தை உயர்த்தி, ‘இங்கே இருக்கிறேன்’ என்று அறிவிக்கிறது. அதன்பின் 15, 16ஆம் முனைகள் வழியாகத் திரையினுள் உள்ள சிறு நினைவகத்தைக் கணினி படிக்கிறது.

அந்நினைவகத்தில் உள்ளது ‘ஈ.டி.ஐ.டி.’ எனப்படும் அடையாளக் குறிப்பு. இம்முறை 1994இல் வகுக்கப்பட்டது. அடிப்படைக் குறிப்பு 128 எண்களால் ஆயது. ஒவ்வொன்றும் 0 முதல் 255க்குள் அமையும். முதல் எட்டு எண்கள் எப்போதும் 0, ஆறு முறை 255, மீண்டும் 0 என வரும். தயாரிப்பாளரின் குறியீடு, செய்யப்பட்ட ஆண்டு, திரையின் நீள அகலம், அது காட்டவல்ல படத்தின் நுணுக்கம் ஆகியவை தொடர்ந்து வரும். 128 எண்களின் கூட்டுத்தொகை 256ஆல் மீதியின்றி வகுபடுதல் வேண்டும்; மீதி வந்தால் குறிப்பு சிதைந்துள்ளது என்று கணினி அறிந்துகொள்ளும். கணக்கு வகுப்பில் ஆசிரியர்கள் இதனை நல்ல எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

1987இல் தோன்றிய 15 முனை வி.ஜி.ஏ. இணைப்பில், வருகையை அறிவிப்பதற்கெனத் தனி முனை இல்லை. ஆகவே வடத்தைச் செருகியும் கணினி உணராதிருக்கலாம். அந்நிலையில் ‘டிஸ்பிளே’ அமைப்பில் உள்ள ‘டிடெக்ட்’ பொத்தானை அழுத்தி, வினவுமாறு கணினியைத் தூண்ட வேண்டும்.

ஆராயும் வரிசை

1. திரை: அதன் பொத்தானை அழுத்தினால் அமைப்புப் பட்டியல் தெரிகிறதா? தெரிந்தால் மின்சாரமும் திரைப்பலகையும் செவ்வையாக உள்ளன. ‘நோ சிக்னல்’ என்னும் அறிவிப்பும் திரை இயங்குகிறது என்பதற்கே சான்று. வடம் செருகிய வாயிலைத்தான் திரை எதிர்நோக்குகிறதா என்பதையும் பட்டியலில் காண்க.

2. காட்டும் முறை: விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையுடன் ‘பி’ எழுத்தை அழுத்தினால் நான்கு தேர்வுகள் தோன்றும். ‘பி.சி. ஸ்கிரீன் ஒன்லி’ என்பது தேர்ந்திருந்தால் புறத்திரைக்குப் படம் செல்லாது. ‘டூப்ளிகேட்’ அல்லது ‘எக்ஸ்டெண்ட்’ என்பதைத் தேர்க.

3. இணைப்பு: இரு முனைகளையும் கழற்றி நன்கு செருகுக. வி.ஜி.ஏ. செருகியில் ஊசிகள் வளைந்துள்ளனவா என்று நோக்குக. மாற்றிகள் இருப்பின் அவற்றைத் தனியே ஐயுறுக. ஹெச்.டி.எம்.ஐ. கணினியை வி.ஜி.ஏ. திரையுடன் இணைக்கும் மாற்றி பொதுவாக ஒருவழிப் பாதை. திருப்பி இணைத்தால் பயன்படாது.

4. டைப்-சி வாயில்: வடிவில் ஒன்றாயினும் பணியில் ஒன்றல்ல. சில வாயில்கள் மின்னேற்றத்தையும் தரவையும் மட்டுமே கடத்தும், படத்தைக் கடத்தா. படம் செல்லும் வாயிலின் அருகே பெரும்பாலும் டிஸ்பிளேபோர்ட் குறியோ தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ இருக்கும். குறியில்லையேல் கணினியின் கையேட்டைப் பார்க்க.

5. மென்பொருள்: விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட் விசைகளுடன் ‘பி’ (இரண்டாம் எழுத்தாகிய பி) அழுத்தினால் படஇயக்கி மீண்டும் தொடங்கும். பயனில்லையேல் இரு கருவிகளையும் அணைத்து, மின்செருகியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து, திரையை முதலிலும் கணினியைப் பின்னரும் இயக்குக.

6. மாற்றிப் பார்த்தல்: கணினி, வடம், திரை ஆகிய மூன்றில் ஒருமுறைக்கு ஒன்றையே மாற்றுக. இரண்டை ஒருங்கே மாற்றிக் குறை நீங்கினால், எது குற்றவாளி என்பது விளங்காது.

திரையின் பின்புறத்தைத் திறத்தல் ஆகாது. மின்செருகியைக் கழற்றிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கிகளில் ஆபத்தான மின்னூட்டம் தங்கியிருக்கக் கூடும்.

மலையில் நிகழ்ந்தது

வகுப்புக்கு வந்திருந்த பள்ளி ஆசிரியர் ஒருவர், திரையைக் கட்டுமுன் அதே வடத்தைத் தம் பழைய மடிக்கணினியில் செருகினார். படம் உடனே தோன்றியது. திரையும் வடமும் நலம் என்பது அந்த ஒரு சோதனையால் உறுதியாயிற்று. எஞ்சியது புதிய கணினியின் பக்கமே. அதில் டைப்-சி வாயில்கள் இரண்டு இருந்தன. மாற்றி செருகப்பட்டிருந்தது குறியற்ற வாயிலில். மின்னல் குறியிட்ட மற்ற வாயிலுக்கு மாற்றியதும், இரு புலிகள் திரையில் அருகருகே நின்றன. பாடம் ஒரு மணி நேரம் தாழ்ந்து தொடங்கியது. கொள்ளேகாலுக்குத் திரை சென்றிருப்பின், பழுதற்ற பொருளுக்குப் பழுதுக் கட்டணமும், பல நாள் வகுப்பின்மையும் மிஞ்சியிருக்கும்.

செய்யத்தக்கவை

ஒவ்வொரு கணினியிலும் படம் கடத்தும் வாயிலுக்கு ஒரு சீட்டு ஒட்டுக. நன்கு இயங்கும் வடம் ஒன்றைச் சோதனைக்கெனத் தனியே வைத்திருக்க. பழுதென்று எதனையும் அனுப்புமுன், எந்தெந்தச் சோதனைகள் செய்யப்பட்டன, ஒவ்வொன்றின் விளைவு யாது என்று தாளில் எழுதி உடன் அனுப்புக. பழுதுபார்ப்போரின் நேரமும் மிஞ்சும். குற்றமற்ற கருவி மலையிறங்க வேண்டியும் இராது.