வானவில் வெள்ளிக்காசு: நம்பிக்கைகளும் உண்மைகளும்

வீட்டில் வெள்ளிக் குங்குமச்சிமிழ் கறுத்தால் விபூதி போட்டுத் தேய்க்கிறோம். அதே கறுப்பின் தொடக்கநிலை ஒரு பழைய வெள்ளிக்காசில் நீலமும் ஊதாவுமாகப் படிந்திருந்தால், கூடுதல் விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. சேகரிப்பாளர்கள் இதை ‘டோனிங்’ என்பார்கள். விலை இருக்கும் இடத்தில் கைவேலையும் இருக்கும் என்பதால், எது தானாக வந்த நிறம், எது வரவழைத்த நிறம் என்ற வாதம் ஓய்வதே இல்லை. அந்த வாதத்தில் அடிக்கடி அடிபடும் சில நம்பிக்கைகளைப் பார்ப்போம்.

நம்பிக்கை: வெள்ளி துருப்பிடிப்பதால்தான் நிறம் மாறுகிறது.

துரு அல்ல. காற்றில் மிகச் சிறிய அளவில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற கந்தக வாயுக்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலத்தை உண்டாக்குகின்றன. ஈரப்பதம் அதை வேகப்படுத்தும். படலம் மிக மெல்லியதாக இருக்கும்வரை, அதன் மேற்பரப்பிலும் அடிப்பரப்பிலும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து சில நிறங்களைக் கூட்டும், சிலவற்றை அழிக்கும். மழைநாளில் தார்ச்சாலையில் சிந்திய டீசல் காட்டும் வித்தைதான். தடிமன் ஏற ஏற வெளிர்மஞ்சள், பொன்னிறம், செம்மை, ஊதா, நீலம் என்று வரிசையாக மாறும். பிறகு இன்னொரு சுற்றில் மஞ்சளும் சிவப்பும் பச்சையும் வரும். கடைசியில் கறுப்பு. இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் உதவும்.

நம்பிக்கை: கண்ணைப் பறித்தால் போலி, மங்கலாக இருந்தால் அசல்.

இதை மறுக்க அமெரிக்காவின் மார்கன் டாலர் ஒன்றே போதும். 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-லும் அச்சான 90 சதவீத வெள்ளிக்காசு அது. கோடிக்கணக்கான காசுகள் யார் கைக்கும் போகாமல், ஆயிரம் ஆயிரமாகக் கித்தான் பைகளில் கட்டப்பட்டுக் கருவூலப் பெட்டகங்களில் பல பத்தாண்டுகள் கிடந்தன. 1960-களின் தொடக்கத்தில் அந்தப் பைகள் பெருமளவில் வெளியே வந்தன. துணியை ஒட்டிக் கிடந்த சில காசுகளின் ஒரு பக்கம் மயில்கழுத்து நிறத்தில் மின்னியது. மறுபக்கம் வெள்ளை வெளேர். பக்கத்துக் காசு மூடியிருந்த இடம் பிறைவடிவில் வெளுப்பாகவே நின்றது. சிலவற்றில் பைத்துணியின் நெசவுகூடப் பதிந்திருக்கும். சாய்த்துத் திருப்பினால் அச்சின்போது உண்டான மெருகு நிறத்தின் அடியிலிருந்து சுழன்று வரும்.

ஆகவே நிறம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, இந்த நிறம் இந்த இடத்துக்கு எப்படி வந்திருக்க முடியும் என்று கேட்க வேண்டும். மஞ்சளும் செம்மையும் இடையில் இல்லாமல் வெள்ளையை ஒட்டி நேரே அடர்நீலம் நின்றால் சந்தேகப்படலாம். திரவம் வழிந்து தேங்கியது போன்ற ஓரங்கள் தெரிந்தால் இன்னும் சந்தேகப்படலாம். கைபட்டுத் தேய்ந்த காசில், தேய்ந்த மேட்டின் மீதே வானவில் ஏறியிருந்தால் நான் அதைக் கீழே வைத்துவிடுவேன்.

நம்பிக்கை: இயற்கை டோனிங்குக்குப் பல பத்தாண்டுகள் ஆகும்.

ஆகலாம், ஆகாமலும் போகலாம். 1947 முதல் 1958 வரையிலான ஆண்டுத் தொகுப்புகளை அமெரிக்க நாணயச்சாலையே அட்டைகளில் பொருத்தி விற்றது. அட்டையிலிருந்த கந்தகமே அந்தக் காசுகளுக்கு நிறமேற்றிவிட்டது. மறுபுறம், அவித்த முட்டையோடு ஒரு டப்பாவில் மூடிவைத்தால் வெள்ளி சில மணி நேரத்தில் நிறம் மாறும். ஆக்சிடைஸ்டு நகைக்குப் பயன்படும் கந்தகக் கரைசலில் சில நொடி போதும். எல்லா வழியிலும் முக்கியமாக உருவாவது அதே வெள்ளி சல்பைடுதான். எனவே பொருளைச் சோதித்து மட்டும் தீர்ப்பு சொல்ல முடியாது.

சரி, ஒருவர் வேண்டுமென்றே பழைய காகித உறையில் காசைப் போட்டு ஜன்னலோரம் இரண்டு வருடம் வைத்தால்? என் கணக்கில் அதுவும் செயற்கைதான். ஆனால் காசைப் பார்த்து அதை நிரூபிக்க யாராலும் முடியாது. இந்தச் சங்கடத்தை ஒப்புக்கொள்ளாத வியாபாரியிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

நம்பிக்கை: அசிட்டோனில் முக்கினால் குட்டு வெளிப்படும்.

சாயமோ, எண்ணெயோ, வார்னிஷோ பூசியிருந்தால் கரையும். கந்தகத்தால் ஏற்றிய நிறம் அசையாது. மென்மையான பிளாஸ்டிக் ஆல்பங்கள் விட்டுப்போகும் பச்சைப் பிசுக்கு டோனிங்கே அல்ல. அதைக் கழுவ அசிட்டோன் நல்லது.

நம்பிக்கை: பூஜையறையிலிருந்து வந்த காசு, அதனால் நிறம் அசல்.

நம் வீடுகளில் உள்ள விக்டோரியா ரூபாயும் ஐந்தாம் ஜார்ஜ் ரூபாயும் 11.66 கிராம் எடை, 91.7 சதவீத வெள்ளி. கறுக்கும்போதெல்லாம் புளியும் விபூதியும் பார்த்தவை. ஒற்றை விளக்கின் கீழ் லென்ஸ் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் மயிரிழைக் கீறல்கள் வலையாகத் தெரியும். அந்தக் கீறலை மறைக்கவே நிறமேற்றுவோர் உண்டு. தேய்த்த காசு காலப்போக்கில் தானாகவும் நிறம் மாறும் என்பது உண்மை. ஆனால் போன மெருகு போனதுதான். நிறம் அசல் என்றாலும் தேய்க்காத காசின் விலை அதற்குக் கிடையாது.

நம்பிக்கை: தரச்சான்று உறைக்குள் வந்துவிட்டால் பேச்சே இல்லை.

காசுகளைத் தரம் பார்த்து பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் அமெரிக்க நிறுவனங்களில் பிசிஜிஎஸ் 1986-லும் என்ஜிசி 1987-லும் இந்த வேலையைத் தொடங்கின. ஏற்க முடியாத நிறத்துக்கு பிசிஜிஎஸ் வைத்திருக்கும் குறியீடு 91. அதன் பொருள் ‘சந்தேகத்துக்குரிய நிறம்’. ‘போலி’ என்று அவர்களே சொல்வதில்லை. அது பழகிய கண்கள் தரும் கருத்து, ஆய்வக முடிவு அல்ல. உறையும் முழுக்கக் காற்றுப்புகாதது அல்ல என்பதால், உள்ளே போன பிறகும் நிறம் மாறலாம். வானவில்லுக்கென்று கூடுதல் விலை கேட்டால், அதே ஆண்டு, அதே நாணயச்சாலை, அதே தரத்தில் நிறமில்லாத காசு என்ன விலைக்குப் போகிறது என்று முதலில் விசாரியுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் அந்தப் படலத்துக்காக நீங்கள் கொடுப்பது.