களப்பில் சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போகும் பிள்ளைகளுக்கு

1. முதலில் மண்ணை அறியுங்கள். கனிம மணலுக்கென 1957இல் அரச கூட்டுத்தாபனம் அமைந்த புல்மோட்டையில் எடுப்பது இல்மனைட், ரூட்டைல், சிர்க்கோன். அந்தக் கறுப்பு மணல் கொக்கிளாய் வழியே வடக்கேயும் கிடக்கிறது. இல்மனைட் இரும்பும் தைத்தானியமும் சேர்ந்த ஒட்சைட்டு. அதில் கந்தகம் இல்லை. ஆகவே செம்புச் சுரங்கத்தின் அமில நீருக்கு எழுதிய கையேட்டை நாயாற்றுக் களப்புக்குத் தூக்கி வராதீர்கள். இங்கே பார்க்கவேண்டியது கலங்கல், உவர், கழுவுநீரோடு வரும் நுண்மண். கண்டல் சேற்றைக் கிளறும் இடத்தில் மட்டும் கதை வேறு: அதில் பைரைற்று இருக்கலாம், காற்றுப் பட்டால் அமிலமாகும். அங்கே பிஎச் பாருங்கள்.

2. மணல் எடுக்கும் இயந்திரம் வருமுன் அளவுகள் கையில் இருக்கவேண்டும். ஒரு மாரியும் ஒரு கோடையும் முழுதாக. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கச் சுற்றாடல் சட்டத்தின் கீழ், சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு 30 நாள்தான் இருக்கும். அந்த 30 நாளில் தொடங்கி எதையும் அளந்து முடிக்க ஏலாது.

3. மாதிரி எடுக்க மேலே ஓரிடம், கீழே ஓரிடம் என்று எல்லா நூலிலும் இருக்கும். ஆற்றுக்குச் சரி. களப்புக்கு மேல் ஏது, கீழ் ஏது? முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால் தண்ணீர் நின்று வற்றும். மாரியில் வாய் வெட்டினால் ஒரே நாளில் எல்லாம் மாறும். கடல்நீரின் மின்கடத்துதிறன் சென்றிமீற்றருக்கு ஏறக்குறைய 50 மில்லிசீமன். வாய் மூடிய ஆவணி மாதத்தில் அதைத் தாண்டிய அளவு கிடைத்தால் உடனே மணல் கொம்பனியைக் கைகாட்டாதீர்கள், வெயிலே செய்திருக்கும். குறிப்பேட்டின் முதல் வரி இதுதான்: வாய் திறந்ததா, மூடியதா? பிறகு காற்று எந்தப் பக்கம், கடைசி மழை எப்போது. அதே மழையும் வெயிலும் படுகிற நந்திக்கடல் களப்பில் ஓரிடத்தையும் ஒப்பிட வைத்துக்கொண்டால் நல்லது.

4. முழங்கால் தண்ணீரில் இறங்கினால் சேறு கிளம்பும். அது அடங்கும்வரை நில்லுங்கள், நீரோட்டம் இருந்தால் அதற்கு முகம் கொடுத்துப் போத்தலைப் பிடியுங்கள். உங்கள் கால் கிளப்பிய கலங்கல் சுரங்கத்தின் கணக்கில் ஏறக்கூடாது. கரைந்த உலோகம் பார்க்க 0.45 மைக்ரோன் வடிகட்டியில் வடித்து, நைத்திரிக் அமிலம் விட்டு பிஎச் 2க்குக் கீழே இறக்குங்கள். வடிக்காத போத்தல் ஒன்றும் வேண்டும். இங்கே உலோகம் பெரும்பாலும் துகளில்தான் ஒட்டி வரும்.

5. கரைந்த ஒட்சிசனை விடியற்காலையில் அளவிடுங்கள். பாசி இரவெல்லாம் மூச்சு விட்டபின் ஒட்சிசன் மிகக் குறைவாயிருக்கும் நேரம் அது. பின்னேரம் இரண்டு மணிக்கு அளந்தால் எந்தக் களப்பும் நலமாகத்தான் தெரியும். அறிக்கையில் நேரம் போடாதவர்களை நான் நம்புவதில்லை.

6. பிஎச் மீட்டரைக் களத்துக்குப் போகும் ஒவ்வொரு நாளும் தாங்கற்கரைசலில் சரிபாருங்கள்.

7. கொக்கிளாயில் கனிம மணலுக்குக் காணி எடுப்பதை எதிர்த்துச் சனம் நின்றது. அதனால் போத்தலும் கருவியுமாக வருபவரைக் கண்டால் நில அளவைக்கு வந்தவரோ என்றுதான் பார்ப்பார்கள். முதலில் மீனவர் வாடிக்குப் போய், "ஐயா, நாங்கள் இன்ன வேலைக்கு வந்திருக்கிறம்" என்று சொல்லுங்கள். வாய் எப்போது வெட்டியது, இறால் எந்த மாதம் குறைந்தது என்ற கணக்கு அவர்களிடம் உண்டு, அதையும் திகதியோடு எழுதுங்கள். ஆய்வுகூட முடிவு வந்ததும் தமிழில் ஒரு பிரதி கடற்றொழிலாளர் சங்கத்துக்குக் கொடுங்கள், உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பும் அதே நாளில்.