நிறம் பிரித்த மீன்கள்

மாணவர்களே! ஓர் உயிரினத்தின் கூட்டத்தை மலையோ கடலோ நெடுங்காலம் பிரித்து வைத்தால், புதிய சிற்றினம் தோன்றக்கூடும் என்று படித்திருப்பீர்கள். தடுப்புச் சுவரே இல்லாத ஓர் ஏரிக்குள்ளும் இவ்வாறு நிகழுமா?

ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் சுமார் 500 சிற்றினங்களைச் சேர்ந்த சிக்லிட் மீன்கள் வாழ்ந்து வந்தன. நம் ஊர்க் குளங்களில் பிடிபடும் ஜிலேபி மீனும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. இவற்றுள் நெருங்கிய உறவுடைய இரண்டைக் காண்போம். ஒன்றில் ஆண் மீன் நீல நிறம். மற்றொன்றில் ஆண் மீனின் முதுகு சிவப்பு. பெண் மீன்களோ இரண்டிலும் பகட்டற்ற மங்கிய நிறமுடையவை. துணையைத் தேர்ந்தெடுப்பது பெண் மீனே.

ஓலே சீஹாசன், ஜாக் வான் ஆல்ஃபன் என்ற ஆய்வாளர்கள் இம்மீன்களைத் தொட்டியில் வைத்து ஆராய்ந்து, 1998-இல் முடிவை வெளியிட்டனர். வெள்ளை ஒளியில் பெண் மீன்கள் தம் இனத்து ஆணையே நாடின. நிறங்களைப் பிரித்தறிய இயலாதபடி ஆரஞ்சு ஒளியை மட்டும் பாய்ச்சியபோது, இந்த விருப்பம் மறைந்தது! இவ்விரண்டும் கலந்து பிறக்கும் குஞ்சுகளும் வளர்ந்து இனப்பெருக்கம் செய்ய வல்லவை. ஆகவே, இரண்டையும் பிரித்து நிறுத்தும் முக்கியமான வேலி, பெண் மீனின் தேர்வே என்பது புலனாகிறது.

இத்தேர்வு எவ்வாறு தோன்றியது? ஏரி நீரில் ஆழம் செல்லச் செல்ல நீல ஒளி குறைந்து, செந்நிற ஒளியே மிஞ்சுகிறது. நீல மீன் மேல்நீரில் வாழ்கிறது. சிவப்பு மீன் அதற்குக் கீழே வாழ்கிறது. கீழே வாழும் மீனின் கண்நிறமிகள் செந்நிற ஒளியை நன்கு உணர்கின்றன. அக்கண்ணுக்குச் சிவப்பு ஆணே எடுப்பாகத் தெரியும். அதனையே பெண் மீன்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்தால், இரு கூட்டங்களின் மரபணுக்களும் கலப்பது குறைகிறது. காலப்போக்கில் அவை தனித்தனிச் சிற்றினங்களாகின்றன. இங்கு தேர்வு தனித்துச் செயல்படவில்லை. வாழிடத்தின் ஒளியும் உடன் நின்று உதவுகிறது என்பதை மறவாதீர்கள்.

இனி ஒரு கவலைக்குரிய செய்தி. வயல்களிலிருந்தும் ஊர்களிலிருந்தும் வந்து சேரும் கழிவுச் சத்துகளால் ஏரியில் பாசி பெருகி, நீர் கலங்கியது. கலங்கிய பகுதிகளில் ஆண்களின் நிறம் மங்கியிருப்பதையும், சிற்றினங்கள் குறைந்திருப்பதையும் 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. அங்கே நீலமும் சிவப்பும் கலந்த இடைநிற மீன்களே திரிகின்றன.

ஓர் இனம் அழிய, அதன் மீன்கள் எல்லாம் மடிய வேண்டுவதில்லை. ஒன்றையொன்று அடையாளம் காண முடியாமற்போனாலே போதும்.

சிந்திக்க: ஏரி நீர் மீண்டும் தெளிந்தால், கலந்துபோன இனங்கள் முன்போலப் பிரியுமா?