காலபோக அறுவடையின் பின் காய்கறி நடுகை: மண்ணின் பதம் அறிதல்

காலபோக நெல்லை அரிந்து சூடடித்து முடித்த கமக்காரருக்கு நெடுநாள் ஓய்வு கிடைப்பதில்லை. வட மாகாணத்தில் ஐப்பசியில் வலுக்கும் மழை தை மாதமளவில் தணிந்துவிடும். அதன் பின்னர் நிலத்தில் எஞ்சிய ஈரத்தையும், கிணற்று நீரையும் குளத்து நீரையும் துணையாகக் கொண்டு கத்தரி, மிளகாய், தக்காளி, வெண்டி, பயிற்றை, பூசணி முதலியவற்றைச் செய்கை பண்ணலாம். முந்தி நடுபவர் முந்திச் சந்தைக்குக் காய் கொண்டு சென்று நல்ல விலை பெறலாம் என்பது பலரின் எண்ணம். இவ்வெண்ணத்தினாலேயே மண் பதப்படுமுன் கலப்பையை இறக்கிவிடுகின்றனர். அதனால் வரும் நட்டம் அந்த ஒரு போகத்துடன் நின்றுவிடுவதில்லை. ஆகவே மண்ணின் பதத்தை அறிந்து நடுவது ஒவ்வொரு கமக்காரருக்கும் இன்றியமையாததாகும்.

நெல்லுக்கு ஏற்ற சேறு காய்கறிக்கு ஆகாது

மண் துணிக்கைகளுக்கு இடையே சிறிதும் பெரிதுமான துளைகள் உள்ளன. சிறிய துளைகளில் நீர் தங்கும். பெரிய துளைகளில் காற்று உலாவும். காய்கறிப் பயிர்களின் வேர்களுக்கு நீரைப் போலவே காற்றும் தேவை. நெற்பயிரோ தண்டின் வழியாக வேருக்குக் காற்றைக் கொண்டு செல்லும் இயல்புடையது. எனவே நீர் நிற்கும் வயலிலும் அது செழிக்கின்றது. வயலைச் சேறாக்கி மிதிப்பதன் நோக்கமும் துளைகளை அடைத்து நீர் கீழே வடியாது தடுப்பதேயாகும்.

காய்கறிச் செய்கையில் இதற்கு மாறானதே வேண்டப்படும். ஈரம் மிகுந்த மண்ணை உழும்போது துணிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி ஒட்டிக்கொள்கின்றன. காற்றுத் துளைகள் அடைபடுகின்றன. உழவு இயந்திரத்தின் சில்லு அடிமண்ணை இறுக்குகின்றது. பின்னர் வெயில் எறித்ததும் புரண்ட மண் செங்கல் போன்ற கட்டிகளாகக் காய்கின்றது. அக்கட்டிகளை மண்வெட்டியால் உடைத்தாலும் சிறு கட்டிகளே கிடைக்கும். நல்ல புழுதி கிடையாது. கெட்ட மண் தன் பழைய நிலையை அடைவதற்குப் பல போகங்கள் செல்லலாம்.

அளவுக்கு மிஞ்சிப் பிந்துவதும் தவறாகும். வன்னிப் பகுதியின் செங்கபில மண் ஈரத்தில் ஒட்டும். காய்ந்தால் கல்லாக இறுகும். இவ்விரண்டுக்கும் இடையே அது உழவுக்கு இணங்கும் நாட்கள் சிலவே. அந்நாட்களைத் தவறவிடாதிருக்கவே பின்வரும் சோதனைகள் உதவுகின்றன.

பதத்தை அறியும் வழிகள்

1. கைப்பிடிச் சோதனை: மேல்மண் காய்ந்து தோன்றுவதைக் கண்டு ஏமாறலாகாது. நான்கு முதல் ஆறு அங்குல ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து இறுகப் பிடித்து உருண்டையாக்குக. அதை இடுப்பு உயரத்திலிருந்து நிலத்தில் விழவிடுக. உருண்டை உதிர்ந்து சிதறினால் மண் பதமாயிற்று. சிதறாமல் அப்படியே கிடந்தாலோ தட்டையாக அப்பிக்கொண்டாலோ இன்னும் பொறுக்க வேண்டும். உருண்டையாகத் திரளாமலே உதிருமாயின், மணல் நிலம் அல்லாதவிடத்து, ஈரம் குறைந்துவிட்டது என அறிந்து இலேசாக நீர் பாய்ச்சி ஓரிரு நாள் விட்டு உழ வேண்டும்.

2. திரித்தல்: அதே மண்ணை உள்ளங்கைகளுக்கிடையே வைத்துத் திரிக்க வேண்டும். விளக்குத்திரி போல மெல்லியதாக உடையாமல் நீண்டால் அந்த மண்ணை உழலாகாது. திரியாகு முன்னரே துண்டு துண்டாக உடைந்தால் உழலாம்.

3. மண்வெட்டிச் சோதனை: ஒரு மண்வெட்டி மண்ணை வெட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும். வெட்டிய முகம் மெழுகியது போலப் பளபளத்தால் ஈரம் அதிகம். முகம் கரடுமுரடாக இருந்து, மண் தானே பிளந்து உதிர்ந்தால் நன்று.

4. குழிச் சோதனை: வயலின் தாழ்ந்த மூலையில் இரண்டடி ஆழமான குழி வெட்டி ஓர் இரவு விட வேண்டும். காலையில் நீர்மட்டம் நிலமட்டத்திலிருந்து ஓரடிக்குள் நிற்குமாயின் மேல்மண் எவ்வளவு நன்றாகத் தோன்றினாலும் வேர் அழுகும். அந்நிலத்துக்கு முதலில் வடிகால் வேண்டும்.

5. அலவாங்குச் சோதனை: பல போகம் நெல் விதைத்த வயலில் கலப்பையின் அடி பட்ட ஆழத்தில் ஓர் இறுகிய படை உண்டாகியிருக்கும். அலவாங்கை மெதுவாக அழுத்தினால் அது தடைப்படும் ஆழத்தில் இப்படை இருப்பதை உணரலாம். மண் பதமான வேளையில் இப்படையைப் பிளந்துவிட்டால் வேர் ஆழச் செல்லும்.

இச்சோதனைகளை ஓரிடத்தில் மட்டும் செய்து திருப்தியடையலாகாது. மேடு, நடு, தாழ்வு ஆகிய மூன்று இடங்களிலேனும் செய்ய வேண்டும்.

நிலத்துக்கு நிலம் வேறுபாடு

சுண்ணாம்புக்கற் பாறைமீது அமைந்த யாழ்ப்பாணத்துச் செம்மண் நீரை விரைவில் வடியவிடும். மழை ஓய்ந்து சில நாட்களிலேயே அது பதத்துக்கு வரும். கடலோர மணல் நிலமும் அத்தகையதே. குளங்களின் கீழுள்ள தாழ்ந்த வயல்களின் களிமண்ணோ வாரக்கணக்கில் ஈரத்தை விடாது. முருங்கன் பகுதியின் கருங்களிமண் ஈரத்தில் பொங்கி, காய்ச்சலில் வெடிக்கும் இயல்புடையது. அதனைப் பதத்தில் பிடிப்பதற்குத் தனிக் கவனம் வேண்டும். எனவே அயலூரார் உழுதார் என்பதைக் கொண்டு தம் நிலத்தை உழுவது அறிவுடைமையன்று.

ஓர் எடுத்துக்காட்டு

வரம்பொன்றால் பிரிந்த இரு வயல்களை இரு கமக்காரர் செய்கின்றனர் எனக் கொள்க. இருவரும் நகையை அடகு வைத்தே விதையும் பசளையும் வாங்கினர். ஒருவர் மழை ஓய்ந்த மூன்றாம் நாளே உழவு இயந்திரத்தை இறக்கி, கட்டிகளுக்கு இடையே மிளகாய் நாற்றை நட்டார். மற்றவர் வடிகால் வெட்டி, நாள்தோறும் ஒரு பிடி மண்ணை எடுத்துப் பார்த்து, இரண்டு வாரம் பொறுத்து உழுது நட்டார். முதலாமவரின் வயலில் பாய்ச்சிய நீர் கீழிறங்காது நின்றது, இலைகள் மஞ்சளித்தன, பல நாற்றுகள் அழுகின. மீண்டும் நாற்று வாங்கிப் பாவியபோது கூலியும் இரட்டித்தது. முடிவில் பிந்தி நட்டவரே முந்திக் காய் பறித்தார்; நகையையும் முந்தி மீட்டார்.

காத்திருக்கும் நாட்களில் செய்ய வேண்டியவை

பொறுத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் அன்று. அறுவடை முடிந்தவுடன் வயலைச் சுற்றியும், தேவையாயின் குறுக்கேயும், ஓரடி ஆழத்துக்குக் குறையாத வடிகால் வெட்டுக. வைக்கோலை வயலில் எரித்து வீணாக்காமல் ஒருபுறம் குவித்து வைக்க. நட்ட பின் பாத்திகளை மூடி ஈரத்தைக் காக்க அது உதவும்.

இதே வேளையில் மேட்டு நிலத்தில் நாற்றுமேடை அமைக்கலாம். மேடை மூன்றடி அகலமும் அரையடி உயரமும் கொண்டிருத்தல் நன்று. விதையிடுமுன் மேடைமீது சிறிதளவு வைக்கோலையும் உமியையும் மாறி மாறிப் பரப்பி எரித்தால் நாற்றழுகல் நோயை உண்டாக்கும் பங்கசுகள் பெரிதும் அழியும். தக்காளி நாற்று 3 முதல் 4 வாரத்திலும், கத்தரி 4 முதல் 5 வாரத்திலும், மிளகாய் ஏறக்குறைய 5 வாரத்திலும் நடுகைக்கு ஆயத்தமாகும். ஆகவே மேடையில் நாற்று வளரும் காலத்திலேயே வயலும் வடிந்து பதப்படும். ஒரு நாளேனும் வீணாகாது.

சாணெருவும் கூட்டெருவும் நன்கு மக்கியிருத்தல் வேண்டும். குவியலினுள் கையை விடும்போது சூடு தெரிந்தால் அதை இடலாகாது. பசுந்தாளை மண்ணுள் புரட்டியவர்கள் நடுவதற்கு முன் இரண்டு முதல் மூன்று வாரம் விடுதல் வேண்டும்.

வடிகால் வெட்டியும் மாசி முடியுமட்டும் பதப்படாத தாழ்ந்த வயலில் வலிந்து காய்கறி நடாது, வசதியுள்ளவிடத்து மேட்டுப் பாத்தியும் சாலும் அமைத்து நடுக. அதுவும் இயலாதவிடத்து, நிலம் காய்ந்த பின் பயறு, கௌபி, எள்ளு ஆகியவற்றுள் ஒன்றை விதைப்பதே மேலானது. இவை குறைந்த நீரில் விளைவன. பயறும் கௌபியும் மண்ணுக்கு நைதரசனையும் ஊட்டும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

நாட்காட்டியைப் பார்த்து உழாது மண்ணைப் பார்த்து உழுக. மேல்மண்ணை நம்பாது ஆறங்குலத்தின் கீழ் உள்ளதைச் சோதிக்க. உருண்டை உதிரும் நாளே உழவு நாள். தம் நிலத்தின் பதம் பற்றி ஐயம் உள்ளவர்கள் உழுவதற்கு முன்னரே தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அழைத்து நிலத்தைக் காட்டி ஆலோசனை பெறுவார்களாக. உழுத பின் கேட்கும் ஆலோசனை, கெட்ட மண்ணை மீட்டுத் தராது.