படத்துக்கு வழி எது?

மின்னூலின் எழுத்துக் கோப்பினுள் பொதுவாகப் படம் இருப்பதில்லை. படம் இருக்கும் இடத்துக்கான வழியே இருக்கும். ஈபப் வகை மின்னூல்களைப் பயின்றபோது நான் தெளிந்த முதற்பாடம் இது.

"சீ டிரைவில், இன்ன கோப்புறையில்" என எழுதினால், மூத்தம்மாவின் பழைய புகைப்படம் நம் கணினியில் மட்டுமே தெரியும். உம்மாவின் கைப்பேசியில் வெற்றுக் கட்டமே மிஞ்சும். ஆகவே படத்தை நூலின் கோப்புறைக்குள் வைத்து, நூலின் கோப்புப் பட்டியலிலும் பதிவோம். எழுத்துக் கோப்பு இருக்கும் இடத்திலிருந்தே வழியைக் குறிப்போம். இரு புள்ளிகளும் ஒரு சாய்கோடும் சேர்ந்தால், "ஒரு கோப்புறை மேலே செல்" என்பது பொருள்.

ஆங்கிலப் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டை விண்டோஸ் பொதுவாகப் பார்ப்பதில்லை, ஈபப் பார்க்கும். எனவே தோழியரே, சிறிய எழுத்திலேயே பெயரிடுங்கள். நூலைப் பிறருக்கு அனுப்புமுன் வேறொரு கருவியில் திறந்து பாருங்கள்.